கன்ஃபர்ம் ஆண்ட்டி

புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் பிலோமினம்மாளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிலிப்பீன்ஸ் தாதியர் முதல் சமையலறை சீன ஆண்ட்டிமார் வரை எல்லோருக்கும் அவள் ‘கன்ஃபர்ம் ஆண்ட்டி’தான். மழை வருமா என்று கேட்டால் “கன்ஃபர்ம் வரும்லா” என்பாள். ஏழாம் நம்பர் படுக்கைக்காரரின் மகன் ஞாயிற்றுக்கிழமை வருவானா என்று கேட்டால் “கன்ஃபர்ம் வரமாட்டான்” என்பாள். ‘நிச்சயம்’ என்பதற்குச் சிங்கப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்தான். ஆனால் மற்றவர்கள் சும்மா சொல்வார்கள். இவள் இடுப்பில் கைவைத்துச் சொல்வாள். பதினேழு வருடமாகப் பராமரிப்பு உதவியாளர் வேலை. பத்துக்கு எட்டு தடவை அவள் சொன்னது பலிக்கவும் செய்தது. அந்த மீதி இரண்டில்தான் வந்தது வினை.

போன மாதம் இல்லத்து மூதாட்டி மேடம் லிம் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். “எலும்பு உடைஞ்சிருச்சு, கன்ஃபர்ம்!” என்று இவள் கத்திய கத்தலில் ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் ஆறு மணி நேரம் காத்திருந்து எக்ஸ்ரே எடுத்தால், வெறும் தசைப்பிடிப்பு. மேடம் லிம்மின் மகள் புகார் எழுதிப் போட்டுவிட்டாள். வார்டின் பொறுப்புத் தாதி சிஸ்டர் ஜெனிவீவ், கண்டிப்பான யூரேசியப் பெண், பிலோமினம்மாளைத் தனியே அழைத்து ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் சலவை அறைதான் என்றார்.

சலவை அறை! அங்கே இயந்திரங்களும் படுக்கை விரிப்புகளும் மட்டும்தான். பேச ஒரு ஜீவன் கிடையாது. மனிதர்களைக் குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, திட்டி, திட்டு வாங்கிப் பழகியவளை அங்கே போட்டால் ஒரே வாரத்தில் படுத்துவிடுவாள். அதற்குப் பயந்துதான் சனிக்கிழமைகளில் தேக்காவுக்கு ஆங்கில வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. பாதி நேரம் மாணவர்கள் தும்மிக்கொண்டேதான் படிப்பார்கள்.

ஆசிரியை செரினா பலகையில், இருக்கலாம், செய்யலாம், செய்வது நல்லது என்றெல்லாம் சொல்ல உதவும் குட், மைட், மே, ஷுட் என்ற நான்கு சொற்களை எழுதியபோது பிலோமினம்மாளுக்குச் சுர்ரென்று வந்தது.

“ஏன் டீச்சர், தெரிஞ்சா தெரியும்னு சொல்லணும். தெரியலைன்னா வாயை மூடிக்கணும். இருக்கலாம், வரலாம்னு இழுக்கிறது ஏமாத்து வேலை இல்லையா?”

“இல்ல ஆண்ட்டி,” என்று செரினா சிரித்தாள். “நீங்க கன்ஃபர்ம்னு சொல்லிட்டா, கேக்கிறவங்க ஒண்ணு நம்பணும், இல்லாட்டி நம்பாம போகணும். அவ்வளவுதான். இருக்கலாம்னு சொன்னா அவங்களும் உங்களோட சேர்ந்து யோசிப்பாங்க.”

பிலோமினம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் யாரோ வேறொருத்தி உட்கார்ந்து பேசுவதுபோல் கூச்சமாக இருந்தது.

அடுத்து வந்த புதன்கிழமை காலையில்தான் விஷயம். பன்னிரண்டாம் நம்பர் அறையில் முத்தையா என்று ஒரு பெரியவர். எண்பத்தொரு வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பத்தொன்பது மாதமாக அவருக்குச் சவரம் செய்துவிடுவது பிலோமினம்மாள்தான். கத்தி கன்னத்தில் பட்டதுமே அர்ச்சனை தொடங்கிவிடும். “ஏம்மா, இது மூஞ்சியா, புல்லுத் தரையா?” என்பார். அவளும் விடமாட்டாள். “புல்லுன்னா ஒழுங்கா வளரும் அங்கிள்” என்பாள். இரண்டு பேருக்கும் அந்தச் சண்டை இல்லாமல் பொழுது விடியாது.

அன்றைக்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. முகத்தைத் திருப்பு என்றால் திருப்பினார். முடிந்ததும், “தேங்க்ஸ்மா” என்றார்.

பிலோமினம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. இரவு தாதி எடுத்து வைத்திருந்த கணக்கில் ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் மனுஷன் சரியாக இல்லை என்று அவளுக்குப் பட்டது.

ஏழு மணிக்கு ஹேண்ட்ஓவர். இரவு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாசித்து, பகல் ஆட்களிடம் ஒப்படைக்கும் நேரம் அது. பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். தாதியர் முன்னால், உதவியாளர்கள் பின்வரிசையில். பின்வரிசை வாய் திறப்பது வழக்கமில்லை. பன்னிரண்டாம் அறைக்கு “ஆல் நார்மல்” என்று வாசித்துவிட்டு இரவு தாதி பக்கத்தைத் திருப்பப் போனாள்.

“சிஸ்டர்,” என்றாள் பிலோமினம்மாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஹீ குட் பி சிக். சம்திங் மைட் பி ராங் இன்சைட்.”

சிஸ்டர் ஜெனிவீவ் புருவத்தை உயர்த்தினார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார்.

“டுடே ஹீ சே தேங்க் யூ.”

இரவு தாதி களுக்கென்று சிரித்துவிட்டாள். நன்றி சொல்வதும் ஒரு வியாதியா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, மத்தியானம் வரை கவனிப்போம் என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் பார்த்துக் குனிந்தார்.

பார்த்தீர்களா! பணிவாகச் சொன்னால் இதுதான் கதி. அந்தப் பழைய சொல் பிலோமினம்மாளின் நாக்கு நுனியில் வந்து துடித்தது. அதைச் சொன்னால் அறை முழுக்கச் சிரிக்கும், மேடம் லிம் கதையை எடுப்பார்கள், முத்தையா மத்தியானம் வரை அப்படியே கிடப்பார். சொல்லாமல் விட்டாலும் கிடப்பார். அவளுக்குக் காது மடல் சுட்டது. பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒன்றை, கணவனிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும்கூடச் சொல்லாத ஒன்றை, அவள் சொன்னாள்.

“ஐ மே பி ராங், சிஸ்டர்.”

கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்தார். கன்ஃபர்ம் ஆண்ட்டியா இது?

“ஐ மே பி ராங்,” என்று இன்னொரு தடவை, சத்தமாகவே சொன்னாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இலக்கணம் போகிற போக்கில் போகட்டும் என்று கொட்டிவிட்டாள். பத்தொன்பது மாதம் தினமும் அவர் என்னைத் திட்டுகிறார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இன்றைக்குக் குழந்தை மாதிரி சொன்னதைக் கேட்கிறார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறார். “யூ ஷுட் கால் டாக்டர் நவ். இஃப் ஐ ராங், லாண்ட்ரி, ஐ கோ.”

சிஸ்டர் ஜெனிவீவ் கோப்பை மூடினார். நேரே பன்னிரண்டாம் அறைக்கு நடந்தார். அவரைக் கண்டாலே ‘ஜெயில் வார்டன்’ என்று வம்புக்கு இழுக்கும் முத்தையா, “குட் மார்னிங் மேடம்” என்று தலையாட்டினார். இன்றைக்கு என்ன கிழமை என்று சிஸ்டர் கேட்டதற்கு, கப்பல் இன்னும் வரவில்லை என்று பதில் சொன்னார். சிஸ்டர் அங்கேயே நின்றபடி டாக்டருக்குப் போன் போட்டார்.

பத்து மணிக்கெல்லாம் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிலோமினம்மாள் அதன்பின் மூன்று பேரைக் குளிப்பாட்டினாள், இரண்டு பேருக்குக் கஞ்சி ஊட்டினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு சலவை அறைக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. தன் கணிப்பு பொய்யாகட்டும், கிழவர் நன்றாக இருக்கட்டும் என்று ஜெபமாலையைத் தொட்டு வேண்டிக்கூடப் பார்த்தாள்.

நாலு மணிக்குச் செய்தி வந்தது. சிறுநீரில் தொற்று, ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருந்தது. இந்த வயதில் சில பேருக்குக் காய்ச்சலே காட்டாதாம். சீக்கிரம் கொண்டுவந்ததால் மருந்து கேட்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றார்கள். சிஸ்டர் எல்லோரையும் மறுபடி மேசைக்கு வரச்சொன்னார். பின்வரிசைக்குப் போகப் பார்த்த பிலோமினம்மாளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். நம்மிடம் அளவுகள் இருந்தன, இவரிடம் பத்தொன்பது மாதம் இருந்தது என்று சொல்லிவிட்டு, கோப்பில் அவள் பெயரை முழுசாக எழுதினார்.

புக்கிட் பாஞ்சாங் வீட்டில் கணவர் ஆம்ப்ரோஸ் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பஸ் ஓட்டும் வேலை இல்லை. அவள் நின்றபடியே நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“அப்போ நீ சொன்னதுதான் கடைசியில சரி,” என்றார் அவர் பெருமையாக.

“அது கிடக்கட்டுங்க. சரியா சொல்றதுதான் எனக்குப் பதினேழு வருஷப் பழக்கமாச்சே. அத்தனை பேருக்கு முன்னால ‘நான் தப்பா இருக்கலாம்’னு சொன்னேங்க. சொல்லிட்டு, தலை குனியாம நின்னேன். அதை நினைச்சாத்தான் எனக்கு நெஞ்சு கொள்ளல.”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் இறாலைக் கீழே வைத்தார்.

“ஏன் பிலோ, முப்பத்தோரு வருஷமா என்கிட்ட ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லையே?”

பிலோமினம்மாள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“உங்ககிட்ட நான் எப்போங்க தப்பா இருந்தேன்?”