எட்டாம் நம்பர் ரேக்

லாரி வந்து நின்றது. மிக்ஸி பெட்டிகள் இறங்கின. எல்லாவற்றையும் எட்டாம் நம்பர் ரேக்கில் அடுக்கச் சொன்னது கம்ப்யூட்டர். நாமகிரிப்பேட்டை குடோனில் எட்டாம் நம்பர் ரேக்கே கிடையாது.

நான்கு பாத்திரக் கடைகளின் முதலாளி தண்டாயுதபாணிக்கு எட்டு ஆகாது. கூட்டினால் எட்டு வருகிற பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்தும் ஆகாது. ரேக்குகளுக்கு நம்பர் எழுதியபோது இந்த நாலு நம்பரையும் தாண்டிவிட்டார். நம்பர் விட்டுப்போனால் சாஃப்ட்வேர் ஓடாது என்றது முதலில் வந்த கம்பெனி. டீ கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாவது கம்பெனி எல்லாம் ஆகும் என்று தலையாட்டிவிட்டு, ஒன்று முதல் நாற்பது வரை ஒரே இழுப்பாக ஏற்றிவிட்டது.

அதைத் தேர்ந்தெடுத்தவள் மகள் சத்யபிரியா. இன்றைய வெள்ளோட்டம் தேறினால் ஓமலூரில் ஐந்தாவது கடை, அதற்கு அவள் பொறுப்பு. தேறாவிட்டால் குடோன் பழையபடி மேஸ்திரி கந்தவேலின் ஞாபகத்தில் ஓடும்.

"எட்டுங்குதுங்க மொதலாளி," என்றார் கந்தவேல், தோளில் பெட்டியோடு.

சத்யபிரியா கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"காலி ரேக்கைத்தாங்க மேடம் அது மொதல்ல ரொப்பும். உங்களுக்கு நாலு ரேக்கு சும்மா கெடக்குதே!" என்று மகிழ்ந்தான் கம்பெனி ஆள் மோகன்குமார். "இன்னைக்கு அழிக்க முடியாதுங்க. எந்தச் சரக்குக்குன்னு வேணா மாத்திக்கலாம்."

"கண்ணு, மிஷினைக் கட்டிக் குடுத்தனுப்பீரு," என்றார் அப்பா.

ஓமலூர் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் அவளுக்கு இங்கேயே கேட்டது.

"ஏனுங்கப்பா, ஒடைஞ்ச சாமானெல்லாம் இப்ப எங்கீங்க கெடக்குது?"

"நல்லதோட நல்லதாத்தான்."

"அதனாலதான் கல்யாண ஊட்டுக்கு ஓட்டைக் குண்டா போச்சு. கெட்டதுக்குத் தனி எடம் வேணுமில்லீங்களா? எட்டை அதுக்கு உட்டுருவோம்."

தண்டாயுதபாணி மீசையைத் தடவினார். எட்டுக்குப் பொருத்தமான உத்தியோகம்தான். கந்தவேல் மூலையில் சாக்பீஸால் கட்டம் போட்டு எட்டு என்று எழுதினார்; போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டர் அடுத்து பதினேழு என்றது.

"அதுக்கு?" என்றார் அப்பா.

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பற சரக்குங்க."

"இருபத்தாறு?"

"மாமா நம்ம தலைல கட்டுன பிளாஸ்க்குங்க. ஒண்ணுகூட விக்கலை."

"அது எட்டை உட மோசம். எழுது கந்தவேலு. முப்பத்தஞ்சு?"

சத்யபிரியாவிடம் கெட்டது தீர்ந்துவிட்டது.

தண்டாயுதபாணி சாக்பீஸைத் தானே வாங்கி, குனிந்து, கட்டம் போட்டார்.

"இது ஓமலூர் கடைச் சரக்கு," என்றார். "நல்லதா கெட்டதான்னு போகப் போகப் பாத்துக்கலாம் சாமி."