டீனாவின் கடைவாய்ப் பல்

1976 மார்ச் மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, கிராண்ட் ராபிட்ஸ் நகரின் பல் அச்சுப் பொருள் தொழிற்சாலையில் ஒரு ஜிப்சம் வார்ப்புக்குக் கடைவாய்ப் பல் முளைத்தது. கீழ்த்தாடை, இடது ஓரம். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. உணவறையில் அன்று பட்டாணி சூப்.

வார்ப்பு, டீனா போஸ்ட்மாவின் தாடை. அவள் அம்மா ரிக்காவுக்கு அங்கே சோதனைக்கூடத்தில் வேலை. அச்சுப் பசையை அழுத்திவிட்டு எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பாள். வார்ப்பு மாவு இறுகும்போது எத்தனை மைக்ரான் விரிகிறது என்று அளப்பாள். புதுச் சரக்கு வந்தால் ஊழியர்கள் வீட்டு மனிதர்களின் வாயில்தான் முதல் அச்சு எடுப்பது வழக்கம். 1974 அக்டோபரில் அந்த முறை டீனாவுக்கு வந்தது. பத்தொன்பது வயது. கோயிலில் பிரசங்கம் தொடங்கும்போது கைமாறும் பெப்பர்மின்ட்டைச் சப்பத் தெரியாமல் நறுக்கென்று கடித்து, நான்கு வரிசைக்குக் கேட்கவைத்து, அப்பா பார்ட்டிடம் வாரந்தவறாமல் திட்டு வாங்குகிறவள். பசையைத் துப்பிவிட்டு, "செருப்பைக் கடிச்ச மாதிரி இருக்கும்மா. இதுக்கு நீ பாஸ் மார்க் வேற போடுவே" என்றாள். அந்தச் சனிக்கிழமை ஒரு பையோடு பஸ் ஏறினாள். அவ்வளவுதான். போலீஸ் தேடியது, சபை ஜெபித்தது. மிஞ்சியது 212-ஆம் எண் வார்ப்பு ஒன்றுதான்.

ஜிப்சம் இறுகி விரிவது இரண்டு மணி நேரத்தில் நின்றுவிட வேண்டும். 212 நிற்கவில்லை. ரிக்கா தினமும் பல்லுக்குப் பல் அளந்தாள். அளவுமானியின் முள் மயிரிழை நகர்ந்தது. வேறு வேறாக மூன்று அளவுமானிகளில் வைத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னதும், மகள் எங்கோ உயிரோடிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். கடைவாய்ப் பல் முளைத்த வாரம் அந்த வலிக்கு யார் மடியில் படுத்தாளோ என்று அழுதாள். 1977-இல் ஒரு பல்லில் வெள்ளி அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவாவது வழி இருக்கிறதே என்று இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டாள். 1978-இல் முன்பல் ஒன்று முனை உடைந்தது. அடித்தது யார்? பதினோரு மாநில ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் போட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. 1981 ஆகஸ்டில் முள் நின்றது. ஒன்பது வாரம் ஒரே எண்.

அக்டோபரோடு ஏழு வருடம் முடிகிறது. காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கக் கோர்ட்டுக்கு அது போதும். தொழிற்சாலைக்கும் அதே கணக்கு: ஏழு வருடம் காத்த மாதிரியை எந்திரத்தில் நசுக்கி, கடைசி வலிமையைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். பார்ட் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஒரு கல்லாவது நடணும்டி. எங்க போய் நின்னு அழறதுன்னு தெரியல எனக்கு."

"கல்லு லேப்ல இருக்குங்க."

"அதையும் இன்னிக்கு நசுக்கப் போறாங்கல்ல?"

மேலாளர் வாண்டர்ஸ்லூட் நல்ல மனிதர்; விதிமுறை அவரைவிட நல்லது என்று நம்புகிறவர். "திங்கக்கிழமை தணிக்கைம்மா. ஏழு வருஷம் குடுத்தாச்சு. உனக்குக் கஷ்டமா இருந்தா நான் போடறேன்."

"வேற ஒருத்தர் கை படவேண்டாம் சார். நானே போடறேன்."

அசையாத முள்ளை இன்னொரு காலை பார்க்க அவளால் முடியாது. மகள் இருக்கிறாளா என்று கேட்க அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சோதனை இந்த நசுக்கல்தான். பதினொரு மணிக்குக் கோர்ட். அழைத்துப்போக வந்த பார்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்; வாண்டர்ஸ்லூட் படிவத்தோடு எந்திரத்தின் பக்கத்தில். ரிக்கா வார்ப்பை இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, விரலால் முன்பல்லை ஒருமுறை தடவி, சக்கரத்தைச் சுற்றினாள். இரண்டாயிரம் பவுண்டு. நாலாயிரம். சாதாரண வார்ப்பு இதற்குள் மாவாகியிருக்கும். ஆறாயிரம். சக்கரம் நிற்கவில்லை. எட்டாயிரத்தில் நறுக்கென்று ஒரு சத்தம். மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

திறந்தபோது வார்ப்பு முழுசாக இருந்தது. மேல் தட்டின் எஃகில் பிறை போலப் பதினைந்து பற்களின் தடம், அதில் ஒன்று முனை உடைந்தது.

பார்ட் தடத்தின் மேல் விரலை ஓட்டினார். "கடிக்காத, சப்புன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன் இவகிட்ட" என்றார். கோர்ட்டு மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்; அன்று கோர்ட்டுக்குப் போகவில்லை.

ரிக்கா அளந்தாள். இரண்டு மைக்ரான் கூடியிருந்தது.

வாண்டர்ஸ்லூட் படிவத்தில் எழுதினார்: 212, உடையவில்லை; மேல் தட்டு மாற்ற வேண்டும். திங்கட்கிழமை தணிக்கையாளர் அதில் கையெழுத்திட்டார். புதுத் தட்டு நவம்பரில் வந்தது. டீனா வரவில்லை. ஞாயிறுதோறும் பார்ட் கோயிலில் தன் பெப்பர்மின்ட்டைத் தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். திங்கள் காலை ரிக்கா அதை வார்ப்பின் பக்கத்தில் வைப்பாள். மதியச் சங்கு ஊதுவதற்குள் நறுக்கென்று கேட்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றுவரை ஒன்றுகூடச் சப்பித் தீர்ந்ததில்லை.