காந்தம் ஒட்டிய வளைவு

ஓர்முர் மனிதர்களை நம்புகிறவர் அல்ல. நூலில் கட்டிய ஒரு சின்னக் காந்தத்தை நம்பினார். அது இழுத்தால் மட்டமான இரும்பு, இழுக்காவிட்டால் நல்ல எவர்சில்வர். படித்தவன் ஆயிரம் சொல்வான். காந்தத்துக்கு வாய் கிடையாது, அதனால் பொய்யும் கிடையாது என்பது அவர் கட்சி.

அவர் ஊர் வடகோடிப் பனித்தீவு ஒன்றில் இருந்தது. அந்தச் செப்டம்பரில் அவர் கையில் எட்டு நாள் இருந்தது. அதன் பிறகு ஊரே மலைக்குப் போய், கோடையெல்லாம் மேய்ந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும். இருபத்தாறு வருஷமாகச் சமையல் சாமானோடு ஆற்றைக் கடந்தது அவருடைய ஜீப்தான். போன வருஷம் நடு ஆற்றில் சைலன்சர் குழாய் வெடித்தது. பனிமலை உருகி வரும் தண்ணீர். உள்ளே புகை, வெளியே வெள்ளம். டிராக்டர் வந்து இழுக்கும்வரை மனிதர் சூப் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆடு இறக்குவதற்குத் தலைவி யோருன். மலைராணி என்று அவளுக்குப் பட்டம். ஊர் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் இருந்தபடி, எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்:

"பெரியவரே, வெள்ளிக்கிழமை வந்து உங்க வண்டிக்கு அடியில படுத்துப் பாப்பேன். அதே ஒட்டுப்போட்ட குழாய் இருந்துச்சுன்னா, சாமான் வேற வண்டில போகும். நீங்க வீட்டுல உக்காந்து கம்பளி பின்னலாம்."

"ஒட்டுப்போட்டது யாரால? செல்ஃபோஸ் டவுன்ல பட்டறை வெச்சிருக்கற அந்தக் காசிமிர் கலப்பட வளைவ என் தலைல கட்டப் பாத்தான். அதனால."

"இந்தப் பேச்ச ஒரு வருஷமா இதே வெந்நீர்ல போட்டு வேக வெக்கிறீங்க. இன்னும் வேகல."

தொட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓர்முர் எழுந்து போய்விட்டார்.

நடந்தது இதுதான். போன வருஷம் காசிமிரிடம் நேர்க்குழாயும் வளைவுகளும் வாங்கப் போனார். நேர்க்குழாயில் காந்தம் ஒட்டவில்லை, வளைவில் ஒட்டியது. வளைவுகளை மேஜையில் வீசிவிட்டு, நேர்க்குழாயை மட்டும் எடுத்து வந்து, வளைவு வருவதற்காகச் சாய்வாக அறுத்து அறுத்து, பதினொரு இடத்தில் தானே பற்றவைத்தார். அதுதான் ஆற்றில் வெடித்தது.

தொட்டிப் பேச்சுக்கு மறுநாள் மறுபடி செல்ஃபோஸ் போனார். நூறு கிலோமீட்டருக்குள் குழாய் வளைக்கிற பட்டறை வேறில்லை. காசிமிர் போலந்துக்காரன்; இந்த ஊர் உப்புக்காற்றைத் தின்று இருபது வருஷம் ஆனவன். மூன்று துண்டுகளை எடுத்து வைத்தான்.

"இது அலுமினியம் பூசின இரும்பு. பனிக்கு உப்புக் கொட்டற ரோட்டுல மூணு வருஷம் தாங்கும். இது கம்பெனி வண்டிக்குப் போடற எவர்சில்வர், மேல துரு புடிக்கும். இது முன்னூத்தி நாலுன்னு நம்பர் போட்ட ஒசந்த எவர்சில்வர். ஆத்துல இறங்கற வண்டிக்கு இதான் சரி."

காந்தம் வெளியே வந்தது. முன்னூற்று நாலின் நேர்த்துண்டில் ஒட்டவில்லை. அதே ரகத்தின் வளைவில், கோழி கழுத்தைச் சாய்ப்பது போலச் சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா! உன் திருட்டுத்தனம் இங்கயே நிக்குது."

"ரெண்டும் ஒரே குழாய்தான் பெரியவரே. வளைச்சா அதுக்குக் கொஞ்சம் காந்தம் ஏறும். போன வருஷமே சொன்னேன், நீங்க காதுல வாங்கல. இருங்க, உங்க கண் முன்னாலயே ஒண்ண வளைச்சுக் காட்டறேன்."

"உன் குழாய், உன் மிஷின், சாட்சியும் நீயா?"

வீட்டுக்கு வந்தார். தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பழைய மாட்டுக் கொட்டகைக்குள் போனார். கறவை மிஷினிலிருந்து முப்பது வருஷம் பால் ஓடிய எவர்சில்வர் குழாய் சுவரோடு கிடந்தது. ஒரு புள்ளி துரு இல்லை. காந்தத்தைக் காட்டினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முழத்துக்கு அறுத்துக்கொண்டு நேரே செல்ஃபோஸ்.

"இத வளை."

"பால் குழாயா? எதுக்கு இத..."

"வளைடா."

மிஷின் முனகியது. குழாய் வளைந்தது. மிஷினிலிருந்து எடுக்கும்வரைகூடப் பொறுக்காமல் காந்தத்தைத் தொங்கவிட்டார். வளைவின் முதுகில் போய் ஒட்டியது. பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் ஒட்டியது. நேராக இருந்த பக்கத்தில் வைத்தார், அங்கே ஒட்டவில்லை.

காசிமிர் காபியை ஊற்றி நீட்டினான். அவன் திட்டியிருந்தால் ஓர்முருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படியானால் குழாயில் குற்றமில்லை. பின்னே வெடித்தது எது? கொதிக்கிற குழாய் ஐஸ் தண்ணீரில் இறங்கியபோது விட்டது ஓர் ஒட்டு. பதினொன்றில் ஒன்று. அவர் கை போட்ட ஒட்டு.

காபியைக் குடித்து முடித்தார்.

"முன்னூத்தி நாலு. ரெண்டு மில்லி கனம். எல்லாம் வளைவா இருக்கணும். ஒரு ஒட்டுகூட வேணாம்."

"ரெண்டு வரும். இன்ஜின் ஆடும்போது குழாய் இழுபடாம இருக்க, நடுவுல வளைஞ்சு குடுக்கற துண்டு ஒண்ணு போடணும்."

"என் இன்ஜின் ஆடாது."

"ஸ்டார்ட் பண்ணிக் கை வெச்சுப் பாருங்க."

பானெட்டைத் திறந்து கை வைத்துப் பார்த்தார். ஆடியது. "சரி, ரெண்டு" என்றார்.

நாலு நாள் ஷெட்டில் மல்லாந்து கிடந்து தானே மாட்டினார். முதுகு கேட்ட ஓய்வைக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை யோருன் வந்து, சொன்னபடி வண்டிக்கு அடியில் படுத்தாள்.

"காசிமிர் குழாயா?"

"ஆமா."

"கலப்படமா?"

"இல்ல. போன வருஷமும் இல்ல. வெடிச்சது என் ஒட்டு."

அவள் வெளியே ஊர்ந்து வந்து கையைத் துடைத்தாள். "குழாய் சரியா இருக்கு. ஆனா இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அந்தப் பேச்ச எங்க வேக வெச்சீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

சாயங்காலம் தொட்டியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓர்முர் உள்ளே இறங்கவில்லை. விளிம்பிலேயே, குளிரில் நின்றபடி சொன்னார்:

"காசிமிர் காட்டினது எல்லாம் நல்ல குழாய். நான் போட்டதுதான் கெட்ட ஒட்டு. ஒரு வருஷமா நான் சொன்னது பொய்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "உள்ள எறங்கும்யா, வெறைச்சுச் சாகப்போறீரு" என்றது ஒரு குரல்.

மறுநாள் காலை ஆறு பொங்கி ஓடியது. மூன்று அண்டா, இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு, புகைபோட்ட ஆட்டுக்கறி எல்லாம் ஏற்றி, முதல் கியரில் இறங்கினார். தண்ணீர் கதவைத் தொட்டது. அடியில் சூடான குழாய் சீறும் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, அழுத்திய காலை எடுக்காமல் ஓட்டினார். சீறல் அடங்கியது, இன்ஜின் அடங்கவில்லை.

அக்கரையில் இறங்கிக் குனிந்து, ஒட்டு இரண்டையும் பார்த்தார். ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"கொஞ்சிக்கிட்டு நிக்காதீங்க" என்று குதிரை மேலிருந்து யோருன் கத்தினாள். "அடுப்ப மூட்டுங்க, பசிக்குது!"