இடது சக்கரத்துப் பலகை

"கேஸ் தீர்ந்திருக்கும்னு நான் நேத்தே..."

"தீரலைன்னு நானும் நேத்தே சொன்னேன் டார்லா! அடுப்பு எரியுது, காப்பி கொதிக்குது. அப்புறம் எங்கே தீர்ந்துச்சு?"

"அப்போ ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு. கிளம்பு, ஊருக்கே, நெப்ராஸ்காவுக்கே போயிடுவோம்."

"சாகலை. முதுகைத் தொட்டுப் பாரு, சுடுது."

"முதுகு சுட்டு என்ன பிரயோஜனம்? வயிறு குளிரலையே!"

மாவிஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் பெட்டியைத் தொட்டாள். பனிக்காலம் முழுவதும் இங்கே தங்குவதற்கான அவளுடைய மருந்து அது. அக்டோபர் வெயிலில் அரிசோனா பாலைவனம் அடுப்பாகத்தான் இருக்கும். குளிர்ச்சி இல்லாமல் அந்த மருந்து தாங்காது. மருந்து கெட்டால் அன்றே திரும்ப வேண்டியதுதான். அவளோ திரும்ப மாட்டேன் என்கிறாள். அவள் புருஷன், என் தம்பி ஆர்லன், போன வசந்தத்தில் போனான். எதிரே நிற்கும், இரும்பு மரம் என்று இங்கே சொல்கிற அந்த மரத்தடியில்தான் அவன் சாம்பலைத் தூவினோம். அவன் இல்லாமல் நாங்கள் இந்த வீட்டு டிரெய்லரை இழுத்து வந்தது இதுதான் முதல் தடவை.

"மருந்தைப் பக்கத்து வண்டி ஆர்வில்கிட்ட கொடு. அவன் ஐஸ்பெட்டியில வைக்கட்டும்" என்றேன்.

"ஐஸ் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"உன் பிடிவாதத்தை விட நாலு நாள் குறைச்சலா தாங்கும்."

ஃப்ரிட்ஜின் வெளிப்பக்கத்துக் கதவைக் கழற்றி பர்னரைப் பார்த்தோம். சிலந்தி வலை கட்டியிருந்தது. கேஸ் வாசனை சிலந்திக்கு அப்படிப் பிடிக்கும். துடைத்துவிட்டுப் பற்றவைத்ததும் தீ நீலமாக நிமிர்ந்து நின்றது. ஒரு மணி நேரம் போனது. உள்ளே பால் வெதுவெதுப்பாகவே இருந்தது.

"மட்டம் பாரேன்" என்றாள் மாவிஸ்.

கேஸ் தீயில் ஓடும் இந்த ஃப்ரிட்ஜுக்குள் சுழலும் எந்திரம் எதுவும் கிடையாது. தீ சுடவைக்கும், உள்ளிருக்கும் திரவம் மேலேறும், தானாக வழிந்து இறங்கும். வண்டி சாய்ந்திருந்தால் அது வழியாது. வழியாவிட்டால் குளிராது. ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். இடது பக்கம் நன்றாக உயர்ந்திருந்தது.

"பலகையை அவன் வைக்கிற மாதிரியேதானே வெச்சோம்? இடது சக்கரத்துக்கு அடியில தடிப் பலகை, மேல சிவப்புப் பலகை."

மாவிஸ் என்னையே பார்த்தாள். "மட்டம் பார்க்கிறப்போ அவன் எங்கே இருப்பான்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால், இடது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எங்களைத்தான் ஏவுவான். தெருவையே அடைக்கிற உடம்பு. வண்டியோ அடி வில்பட்டை தளர்ந்த பழசு. அவன் உட்கார்ந்ததும் இடது பக்கம் இறங்கும், எதிரே இருக்கும் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அந்த இறக்கத்துக்காக வைத்ததுதான் சிவப்புப் பலகை.

"ஆள் இல்லாத இடத்துக்குப் பலகை வெச்சிருக்கோம்" என்றாள் மாவிஸ். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பிக்கப் டிரக்கை மாட்டி வண்டியை நகர்த்திச் சிவப்புப் பலகையை எடுத்தோம். இப்போது ரசமட்டத்துக் குமிழி நடுவில் நின்றது. ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் விழுங்கும் ஓசை கேட்டது.

"நாளைக்குக் காலையில குளிர்ந்திரும்" என்று சொல்லி வண்டியைப் பூட்டினேன். இன்சுலினை ஆர்விலின் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு, அவன் கட்டியிருந்த பந்தலில் இரண்டு பேரும் போய் அமர்ந்தோம்.

"சண்டை முடிஞ்சுதா? என் நாய் பயந்து கட்டிலுக்கு அடியில படுத்திருக்கு" என்றான் ஆர்வில்.

"அதுக்காவது அறிவிருக்கே" என்றேன்.

பீன்ஸ் வேகிற வரை சீட்டாடினோம். எங்கள் வண்டி கண்ணுக்கு எதிரேயே நின்றது. யாரும் கிட்டே போகவில்லை. பிக்கப் சாவி என் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கியது.

வெயில் தாழ்ந்தபின் கதவைத் திறந்தோம். எதிர் அலமாரியின் கதவு விரியத் திறந்திருந்தது. குமிழியைப் பார்த்தேன். காலையில் உயர்ந்திருந்த இடது பக்கம் இப்போது தாழ்ந்திருந்தது. ஃப்ரிட்ஜும் பழையபடி சூடு.

"நீ என்ன செஞ்சே?"

"நான் என்ன செய்யறது? நாள் பூரா உன் எதிர்லதானே உக்கார்ந்திருந்தேன்? சீட்டுல நீ ஏமாத்தினதைக்கூடப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்!"

"மணல் இறங்கியிருக்கும் மாவிஸ். சக்கரம் புதைஞ்சிருக்கும்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பலகை கல் போலக் கிடந்தது. சக்கரம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. சக்கரத்துக்கு மேலே இருந்த வில்தான் அமுங்கியிருந்தது.

மாவிஸ் மெதுவாக எழுந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சிவப்புப் பலகையை மறுபடி வை டார்லா."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? காலையிலதான் அது வேண்டாம்னு..."

"காலையில அவன் வரலை."

பலகையை வைத்து வண்டியை மேலேற்றினேன். உள்ளே வந்தால் குமிழி நடுவில் நின்றது, ஆணி அடித்தது போல. விழுங்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. நீலத் தீ அசையாமல் எரிந்தது.

"பார்த்தியா" என்றாள் மாவிஸ். "ஆர்வில்கிட்ட ஐஸ் கரைஞ்சுக்கிட்டிருக்கு. மருந்தை எடுத்துக்கிட்டு வரேன். நீ குமிழியைப் பார்த்துக்கிட்டிரு."

அவள் படியிறங்கும் சத்தம் மணலில் கரைந்தது. இடது ஜன்னலோர இருக்கையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நின்றேன், கண் அங்கேயே போனது. மெத்தை மட்டமாகத்தான் இருந்தது. யாரும் இல்லை. வில்தான், வெயில்தான், பழைய இரும்புதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டேன். விரல் நுனியில் முதல் குளிர் பட்டது.

அப்போதுதான் வண்டியின் அடியில் வில் முனகியது. இடது பக்கத் தரை மெல்ல எழும்பியது. திறந்து கிடந்த அலமாரிக் கதவு தானாக மூடிக்கொள்ளத் தொடங்கியது. குமிழி நடுவிலிருந்து நகர்ந்தது.

வெளியே தூரத்தில் மாவிஸின் டார்ச் வெளிச்சம் பெட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

நான் அந்தக் காலி இருக்கைக்கு நேராகத் திரும்பினேன்.

"ஆர்லன், உட்காருடா. அவ மருந்து குளிர்ற வரைக்கும் எந்திரிக்காதே."