கடைசியில் கிளம்பியவள்

மண்டபத்துக்கு வெளியே புல்மேட்டில் நைரீயும் அவள் மகளும் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேநீர்க் கெண்டி, துணி போர்த்திய சீஸ் ரோல் தட்டு. வேலியோரம் கவிழ்த்த பால் கேனின் மேல் ஓட்டச் சங்கச் செயலாளர் பெவன். ஓட்டம் கிளம்பும் கோட்டுக்கு ஒட்டினாற்போல மடக்கு நாற்காலியில், ஸ்டாப்வாட்சை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, நோலீனின் கணவன் ஐவன். ஓட வந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. தெற்கிலிருந்து வந்த காற்று உட்கார விடவில்லை.

இந்த ஊர்ப் பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. மெதுவானவர்கள் முதலில், வேகமானவர்கள் கடைசியில். யாரை எப்போது விடுவது என்று கணக்குப் போட்டுக் கூப்பிடுவது ஐவன். கணக்கு சரியாக இருந்தால் பத்து கிலோமீட்டர் முடிவில் அத்தனை பேரும் ஒரே கும்பலாக வந்து கோட்டில் விழுவார்கள். முப்பது வருஷமாக அவன் காகிதம் பார்த்துக் கூப்பிட்டதில்லை. யாருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, யாருக்குத் தொழுவத்தில் மாடு கன்று ஈனுகிற சமயமாகித் தூக்கம் கெட்டிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அவன் கணக்கு.

நோலீனுக்கு அறுபத்து மூன்று. இந்தச் சில வருஷங்களாக அவள் தோழி டோரீனோடு, மெதுவானவர்களில் ஒருத்தியாக, முன்னாலேயே கிளம்பிவிடுகிறவள். டோரீனின் பெயரைக் கூப்பிட்டதும் அவளும் கோட்டுக்கு வந்தாள். ஐவன் கையை நீட்டி மறித்தான்.

“நீ எங்க போற?”

“டோரீன்கூடத்தான நான்.”

“அவ உனக்கு ஈடா? நீ கடைசி, பசங்களோட. தள்ளி நில்லு நோல்.”

டோரீன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிப் போனாள். மேட்டில் சிரிப்பு கிளம்பியது. “என்ன ஐவன், காலைல கஞ்சி அடிப்பிடிச்சிருச்சா?” என்றாள் நைரீ. பெவன் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைத் திருப்பிப் பார்த்தபடி எழுந்தான். “இல்ல ஐவன், இதுல நோலீன் பேரு…”

நோலீனும் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் குறும்பு இல்லை, பெருமை இருந்தது. ஊரிலேயே வேகமான பெண்ணாக ஆண்களோடு கடைசியில் நின்ற காலத்தில், அவளை அப்படித்தான் பார்ப்பான். வீட்டு நாய்க்குட்டியை அவன் செத்துப்போன பழைய நாயின் பெயரால் கூப்பிட்டது, தினமும் போகிற வளைவில் காரை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று யோசித்தது எல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவு வந்தன.

“சரிதான் பெவன். நாங்க பேசி வச்சதுதான். வீட்ல ஒரு பந்தயம் கட்டியிருக்கோம்.”

பெவன் உட்கார்ந்தான். பக்கத்தில் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த கிரெய்க், “என்னைய முந்திராதீங்க நோலீன், எங்க வீட்ல கதவைச் சாத்திருவா” என்றான். அவளும் சிரித்து வைத்தாள்.

குழு குழுவாகப் போனார்கள். கடைசியில் கிரெய்க்கும் இன்னும் இரண்டு இளைஞர்களும் அவளும். ஐவன் கையைக் கீழே வெட்டியதும், மேய்ச்சல் வேலி திரும்பும் இடத்துக்குள்ளேயே மூவரும் சின்னதாகிப் போனார்கள்.

சாலை அவளுக்கே மிச்சமாயிற்று. எல்லோரும் வந்து சேர்ந்து, தேநீர் ஆறி, அதற்கும் பிறகு தான் மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை இருக்காது. ஐவனைப் பார்ப்பார்கள். பந்தயம், பேசி வைத்தது என்றெல்லாம் சொன்னது நிற்காது. யாராவது ஒருவரைப் பிடித்துவிட்டால் போதும், அது வேடிக்கையாகவே முடிந்துவிடும். பாலத்தில் திரும்பும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பால் லாரி ஒன்று சேற்றை அவள் கால்களில் வாரி அடித்துவிட்டுப் போயிற்று. பத்து வருஷமாக அவள் இப்படி ஓடியதில்லை. தொடை எரிந்தது, வாயில் இரும்புச் சுவை. மூச்சைக் காலோடு கட்டிவிட்டு, மற்றதை மறக்கும் பழைய வித்தை இன்று கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் அவன் முகம்தான் வந்தது.

கல்லறைத் தோட்டத்து மேட்டில் டோரீன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவது தெரிந்தது. நோலீன் அவளை எட்டினாள்.

“அடிப்பாவி, எங்கேருந்து வர்ற?” என்றாள் டோரீன். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐவன் நல்லாத்தான இருக்கான்?” என்று கேட்டாள்.

நோலீன் மூச்சு வாங்கியபடியே அவளைத் தாண்டிப் போனாள்.

மண்டபத்தின் முன்னால் கைதட்டல் கேட்டது. “கடைசி இல்ல, கடைசி இல்ல!” என்று கிரெய்க் கத்தினான். நைரீ கோப்பையோடு ஓடி வந்தாள். வேடிக்கையாகவே முடிந்துவிட்டது என்று நோலீன் நினைத்தாள். குனிந்து, முழங்கால்களில் கையூன்றி நின்றாள்.

ஐவன் கடிகாரத்தைப் பார்த்தான். நாற்காலியை விட்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“என்ன ஆச்சு உனக்கு? ஒருநாளும் இவ்ளோ நேரம் எடுத்ததில்லையே. நெஞ்சு வலிக்குதா? யாராவது ஒரு நாற்காலி போடுங்கப்பா.”

யாரும் நாற்காலி போடவில்லை. நைரீயின் கோப்பை அந்தரத்தில் நின்றது. பெவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் பரிசு மேசையின் விரிப்பு மட்டும் படபடத்தது.

“ஒண்ணுமில்ல ஐவ். குளிருது. வீட்டுக்குப் போலாம்” என்றாள் நோலீன். காரை அவளே ஓட்டினாள்.

மறுநாள் காலை முழுக்க அவன் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. விறகை அவனே சுமந்து வந்தான். “டாக்டரைப் பாரு நோல். திடீர்னு ஒருத்தருக்கு இப்படி வேகம் குறையாது. எனக்குப் பயமா இருக்கு” என்றான்.

“அவருக்கு எழுதுறேன்.”

தொலைபேசி சமையலறைச் சுவரில் இருந்தது. பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழும். அவள் தாளை எடுத்து, இன்வர்கார்கில் நகரத்து டாக்டருக்கு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாள். பந்தயம், நாய், வளைவு. பார்க்க வேண்டியது என்னை அல்ல, ஐவனை என்று எழுதியபோது பேனா நின்றது. பிறகு, இருவரையும் ஒன்றாகவே கூப்பிடுங்கள் என்று சேர்த்தாள்.

“எல்லாத்தையும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“ஒண்ணையும் மறைக்காத அவர்கிட்ட. நானும் கூட வர்றேன், உன்னைத் தனியா அனுப்ப மாட்டேன்.”

உறையை அவனே வாங்கினான். நாக்கால் நனைத்து ஒட்டி, ஓரத்தை நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நோலீன் ஜன்னலருகே போய் நின்றாள். சாலை முனையின் சிவப்புத் தபால்பெட்டிக்கு முன்னால் அவன் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். கையிலிருந்த உறையைப் பார்த்தான். பிறகு அதை உள்ளே போட்டுவிட்டு, விழுந்துவிட்டதா என்று குனிந்து, பெட்டியின் வாயில் காது வைத்துக் கேட்டான்.