தூற்றும் இயந்திரத்தின் இருமல்

அறுவடை முடிந்த மூன்றாம் நாள், மாட்டுக்கொட்டகையில் நின்ற தூற்றும் இயந்திரத்துக்கு இருமல் வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் பதரைப் பறக்கவிட்டுத் தானியத்தைக் கீழே கொட்டும் பழைய மர இயந்திரம் அது. யாரும் சுற்றாதபோதே இருமியது. இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இருமல். வீட்டுக்காரர் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டார். அது அவர் மனைவியின் இருமல். இருபது அறுவடைக்கு அந்தக் கைப்பிடியைச் சுற்றித் தூசி விழுங்கியவள், இரண்டு வருடத்துக்கு முன் அதே இருமலில் போய்ச் சேர்ந்தாள். ஊரார் இருமலுக்கெல்லாம் இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு டம்ளர் போட்டுக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. தூசிதான், சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்.

பழுதுபார்க்கக் கூப்பிட்ட ஊர்க் கொல்லர் வந்து பலகைகளைக் கழற்றிப் பார்த்தார். "உடைஞ்சது ஒண்ணுமில்லண்ணே. சளி கட்டியிருக்கு," என்று சொல்லி, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் தினமும் இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்துப் புகட்டினார். நான்காம் நாள் இருமல் பாதியானது. முழுதும் நின்றுவிடுமோ என்று பயந்தார். சுவரைத் தவிர பேச்சுத்துணை இல்லாத வீட்டில் இப்போதுதான் அவர் கனைத்தால் பதிலுக்கு ஓர் இருமல் கேட்கிறது. மறுநாள் கஷாயத்தில் தேனை ஊற்றினார். மருந்து இனித்தால் நோய் விருந்துக்கு உட்கார்ந்துவிடும் என்பாள் மனைவி. அவள் ஒருநாளும் தேன் கலந்ததில்லை. நோய் உட்கார்ந்தது. அடுத்த அறுவடைக்குள் இயந்திரம் இளைத்து, சட்டங்கள் விலா எலும்பாகத் துருத்தின.

கொல்லர் கஷாயத்தை ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். "இது போறதுக்குக் கொடுக்குறதா, இருக்குறதுக்குக் கொடுக்குறதா?" என்றார். வீட்டுக்காரர் தேன் குப்பியை மூடி உறியில் வைத்தார். அன்று தேனில்லாமல் இரண்டு பங்கு இஞ்சி போட்டு, அழுதுகொண்டே புகட்டினார். மூன்று நாளில் இருமல் நின்றது. வீடு பழையபடி வெறிச்சோடியது.

மழைக்காலத்தில் அவருக்கே இருமல் வந்தது. எழுந்து அடுப்பு மூட்டத் தெம்பில்லை. ஒரு காலை கண் விழித்தால், கட்டிலருகே டம்ளரில் ஆவி பறந்தது. கொட்டகையிலிருந்து அடுப்படி வழியாகக் கட்டில்வரை பதர் சிந்திக் கிடந்தது. பார்க்க வந்த கொல்லர் ஒன்றுதான் கேட்டார்.

"தேன் கலந்திருந்துச்சா?"

"இல்லப்பா. காரத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அப்ப அண்ணிதான். குணமானதும் டம்ளர் வர்றது நின்னுடும்ணே," என்று சொல்லிவிட்டு, கைப்பிடிக்கு எண்ணெய் விடப் போனார்.

நாலாம் நாள் இருமலும் நின்றது, டம்ளரும் நின்றது. வீட்டுக்காரர் பதரை மட்டும் இன்னும் பெருக்கவில்லை.