கரைமேல் நட்ட மரங்கள்

கூட்டத்துக்கு வந்தவர்கள்: அணையின் சொந்தக்காரரான மில்காரர், மேசைக்குப் பின்னால், தன் அப்பாவின் நாற்காலியில். நீர்த்துறை இன்ஜினியர் அம்மா, ஜன்னலோரம், மடியில் வரைபடச் சுருளோடு. மருந்துக்கடைக்காரர், வேறு இடமில்லாததால் மூட்டை நிறுக்கும் தராசுப் பலகைமேல். அவர் சிரிக்கும்போதெல்லாம் முள் ஆடியது. என் தங்கை, கதவருகே முக்காலியில், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி. தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் மேசையின் பக்கவாட்டில். மற்ற வீட்டுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள்.

இடம், மூடிக்கிடக்கும் மாவு மில்லின் நிறுவை அறை. மில்லை ஓட்டுவதற்காக மில்காரரின் அப்பா கட்டியதுதான் அந்தச் சின்ன மண் அணை. மில் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. எங்கள் தெருக்களுக்கெல்லாம் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

இன்ஜினியர் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கரைமேல மரம் வெச்சது யாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரைச் சொல்வது? குழாய் இணைப்பு வாங்கும் ஒவ்வொரு வீடும் கரையில் ஒரு மரம் நட வேண்டும் என்பது மில்காரரின் அப்பா வைத்த ஏற்பாடு. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கரை கெட்டிப்படும் என்பது அவர் நினைப்பு. நாங்களும் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தோம்.

"நாங்க எல்லாரும்தாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "அதுல என் மரந்தான் பெருசு. சத்து டானிக் ஊத்தி வளர்த்தது." முள் ஆடியது.

"அப்ப உங்க வேர்தான் ரொம்ப உள்ள போயிருக்கும்."

முள் நின்றது.

"வெட்டிடலாமே?" என்றார் மில்காரர்.

"வெட்டினா வேர் மக்கிடும். வேர் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி அது வழியா தண்ணி ஓடும்."

"அப்ப விட்டுடறோம்."

"விட்டா இன்னும் உள்ள போய்க் கரையைப் பிளந்துடும் சார்."

ஒரே வழிதான். அணையைக் காலிசெய்து, வேரைத் தோண்டியெடுத்து, கரையைப் புதிதாகக் கட்ட வேண்டும். காலிசெய்யச் சொல்லித் தண்ணீர் எடுப்பவர்கள் எழுத்துமூலம் கேட்க வேண்டும். மறுபடி நிரப்பப் புது அனுமதி வேண்டும். தனியார் அணை எதற்கும் அது கிடைத்துத் தான் பார்த்ததில்லை என்றார் இன்ஜினியர்.

"அரசாங்கமே எடுத்துக்கட்டுமேம்மா. சும்மாவே தர்றேன்."

"சும்மா குடுத்தாலும் இதை யாரு வாங்குவா?"

மில்காரர் நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

வீடுகளுக்கு லாரியில் குடிதண்ணீர் வரும். தொழிலுக்கு வராது. எங்கள் தெருக்களில் தண்ணீரை நம்பிய தொழில் ஒன்றே ஒன்று, என் தங்கையின் சலவைக்கடை. கணவன் போனபின் இரண்டு பெண்களை அதை வைத்துத்தான் படிக்கவைக்கிறாள். அணைக்கு நேர் கீழே முதல் கட்டடம் அவளுடையது. கீழே கடை, மாடியில் வீடு. அணை இருந்தால் வீட்டுக்கு ஆபத்து. போனால் பிழைப்பு போயிற்று.

எங்கள் சங்கத்தில் கை தூக்கும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சரி சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் தீர்மானம் கிடையாது. சுவரோரத்திலிருந்து ஒவ்வொரு 'சரி'யாக வந்து, மருந்துக்கடைக்காரரைத் தாண்டி, தங்கையிடம் நின்றது.

"நான் சொல்லலைன்னா?"

"அறிக்கை எழுதி வெச்சுட்டுப் போயிடுவேம்மா. சொத்து தனியாருது. எங்க கை அங்க நீளாது."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கடைக்குப் பின்னாடி கரையடியில ஊத்து வருதுல்லண்ணா? இந்த வாரம் டாக்டரோட வெள்ளைக் கோட்டை ரெண்டு தடவை அலசியும் பழுப்பு போகல. சோப்பு சரியில்லன்னு சோப்புக்காரனைப் பிடிச்சுக் கிழிச்சுட்டேன்."

அதை நாங்கள் எல்லோருமே ஊற்று என்றுதான் சொல்லி வந்தோம். கண்ணாடி மாதிரி வரும். வெள்ளைத் துணி அலச அங்கே தொட்டி கட்டிக்கொடுத்ததே நான்தான். இன்ஜினியர் எழுதுவதை நிறுத்தினார்.

"அது ஊத்து இல்லம்மா, அணையோட கசிவு. கலங்கலா வருதுன்னா கரை மண்ணு உள்ளேயிருந்து கரைஞ்சு வருது. பிள்ளைங்களை இன்னைக்கே வேற இடத்துல படுக்க வைங்க."

"அப்ப இப்பவே மதகைத் திறந்து விட்டுடுங்களேன்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரேயடியா திறந்தா ஈரக்கரை சரிஞ்சுடும். ஆள் வந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். உங்க கடிதம் வராம ஆளை அனுப்ப மாட்டாங்க. அதையும் நான் கையில வாங்கக் கூடாது, பதிவுத் தபால்லதான் வரணும்."

தங்கை எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சரி," என்றாள். "எழுதுண்ணா."

பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதினேன். கடைசியில், சலவைக்கடை ஒன்றுக்கு மட்டும் மாற்றுத் தண்ணீர் தந்து உதவுமாறு ஒரு வரி சேர்த்தேன். இன்ஜினியர் என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"அந்த வரி இருந்தா ஃபைல் வேற பிரிவுக்குப் போயிடும் சார். எப்ப திரும்புதோ, அதுவரைக்கும் கரை நிக்கணுமே."

தாளைக் கிழித்துவிட்டு, அந்த வரி இல்லாமல் மறுபடி எழுதினேன். தங்கை நின்றபடியே படித்து, மற்றவர்களைப் போலவே கையெழுத்துப் போட்டாள். ஈரக்கை பட்டு மை கொஞ்சம் பரவியது.

தபால் நிலையத்துக்கு அவளும் வந்தாள். நான் உறையில் பசை தடவி மடிப்பை அழுத்தினேன்.

"எப்பங்க போய்ச் சேரும்?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

"நாளைக்கே போயிடும்மா."

"நாளைக்கேவா?" உறையைப் பார்த்தபடி, "சீக்கிரம் போனா நல்லதுதான்," என்றாள்.

குமாஸ்தா முத்திரை குத்தி, உறையைச் சாக்குப்பையில் போட்டு வாயைக் கட்டினார்.